நீ உன் கையால் கழற்றிய தாலி

முந்தாநாள் கம்பெனியில் ஆளுக்கொரு விசில் கொடுத்தார்கள். சிவப்புப் பிளாஸ்டிக் விசில், கறுப்புக் கயிற்றில் கோத்தது. கழுத்திலேயே மாட்டிக்கொள்ள வேண்டுமாம். புதுப் பிளாஸ்டிக்கின் காட்டமான வாசனை இன்னும் போகவில்லை. இதோ, எதிரே ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்க்கப் பார்க்க உன்மேல் கோபம்தான் வருகிறது. நீ இருந்திருந்தால் முதல் வேலையாக அதைச் சூப்பர்வைசர் காதருகே கொண்டுபோய் ஊதியிருப்பாய்.

விசில் சும்மா வரவில்லை, ஒரு வகுப்போடு வந்தது. கேன்டீனில் மேசை பெஞ்சையெல்லாம் ஓரங்கட்டி, நம் லைன் பெண்கள் அத்தனை பேரையும் நிற்கவைத்தார்கள். வேலூரிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்திருந்தாள். பேன்ட் போட்டு, முடியைத் தூக்கிக் கட்டி, துறுதுறுவென்று இருந்தாள். யாராவது தாக்க வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வந்தவள். "ஜோடி ஜோடியா நில்லுங்கக்கா" என்றாள். அவ்வளவுதான், சரசரவென்று எல்லோரும் ஒட்டிக்கொண்டார்கள். நான் மட்டும் தண்ணீர் டிரம் பக்கத்தில் ஒற்றையாக நின்றேன். இத்தனை வருஷம் ஜோடி என்றால் யார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே எனக்கு இருந்ததில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, கைக்கு இன்னும் அது தெரியவில்லை.

"நீங்க என்கூட வாங்கக்கா" என்று அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, பின்னால் வந்து கழுத்தை வளைத்துப் பிடித்துக் காட்டினாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம். எனக்குக் கை கால் ஓடவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பைபாஸில் கம்பெனி வண்டி இறக்கிவிட்டதும் நாம் நடக்கும் அந்த வழியை எத்தனை தரம் திட்டியிருப்போம். மூடிக்கிடக்கும் தோல் கம்பெனியின் நீளமான மதில், அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை, அப்புறம் ஏரிக்கரை, அதற்கப்புறம்தான் ஊர். நீ நடக்கிறவள் இல்லை, ஓடுகிறவள். "ஆடி அசைஞ்சு வர்றியே, இன்னா ஊர்கோலமா போறோம்?" என்று திரும்பித் திரும்பிக் கத்துவாய். உனக்குப் பேஸ்டிங் வேலை, ஷூ தோலுக்குப் பசை தடவி ஒட்டுவது. விரல் நுனியெல்லாம் சொல்யூஷன் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பொட்டுப் பொட்டாக உரித்துக்கொண்டே நடப்பாய், பேசிக்கொண்டும் நடப்பாய். எனக்குத் தையல் மிஷின். நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் உன் சத்தத்தில் நடப்பேன். இப்போது அந்த வழியில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, ஆலங்காயம் பக்கத்துப் பெண் ஒருத்தியின் கதை நம் சாப்பாட்டு மேசைக்கு வந்த நாள்? நம்மைப் போலவே ஷூ கம்பெனிக்குப் போகிறவள். வண்டியில் வந்த இருவர் அவள் சங்கிலியை எட்டிப் பிடித்திருக்கிறார்கள். அவள் தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வண்டி நிற்கவில்லை. ரோட்டில் இழுபட்டு, தலை கல்லில் மோதி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை.

"உயிரே போனாலும் தாலிய வுடல பாரு. பத்தினிடி அவ" என்றாள் நம்மோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தி. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள், நானும்தான். நீ டிபன் டப்பாவைப் படாரென்று மூடினாய். "வுட்டிருந்தா இன்னிக்கு அது புள்ளைக்கு சோறு ஊட்டியிருப்பா. இதுல இன்னா பெரும வேண்டிக்கெடக்குது? செத்தவள புகழ்றதுக்கு வாய் ஜாஸ்தி உங்களுக்கு." ஒரு வாரம் உன்னிடம் யாரும் ஊறுகாய்கூடக் கேட்கவில்லை. நீயும் கவலைப்படவில்லை, மொத்த ஊறுகாயையும் நீயே தின்றாய்.

அதற்குப் பிறகு வந்த கார்த்திகையில்தான் நமக்கு அது நடந்தது. ஆறரை மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. தூறல் விட்டு மண் வாசனை வந்துகொண்டிருந்தது. மதில் தாண்டிக் கொல்லைக்கு வந்தபோது ஒரு வண்டி நம்மைக் கடந்துபோய், கொஞ்ச தூரத்தில் திரும்பி வந்து நின்றது. ஓட்டியவன் தலையில் ஹெல்மெட், பின்னால் இருந்தவனுக்குக் குரங்குக் குல்லா. "அக்கா, ஏரிக்கரைக்கு எப்பிடிப் போறது?" என்றான் குல்லாக்காரன். நீ என் முழங்கையைப் பிடித்து இழுத்தாய். "பதில் சொல்லாத, நடடி" என்றாய். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஒருவர் வழி கேட்டால் சொல்லாமல் போவதா என்று நின்று, கையைக் காட்டிச் சொல்லத் தொடங்கினேன். அவன் இறங்கி வந்தான்.

அவன் கையில் இருந்தது குட்டைக் கத்தி. நம் பக்கத்தில் தோல் வெட்டுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. அதை என் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் சங்கிலியை வளைத்து முறுக்கினான். எனக்கு ஆலங்காயத்துப் பெண்ணின் ஞாபகமெல்லாம் வரவில்லை. எந்த ஞாபகமும் வரவில்லை. கை இரண்டும் தானாகப் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான். சங்கிலி பின்கழுத்தை அறுத்தது. மூச்சு முட்டியது. "வுட்றி! குடுத்துட்றி அத!" என்று நீ கத்துவது காதில் விழுகிறது, விரல் பிரிய மாட்டேன் என்கிறது. பிரி என்று சொல்லத்தான் முடிகிறது, அது கேட்கவில்லை. இதைப் பிறகு உன்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். நீ நம்பினாய். வேறு யாரிடம் சொன்னாலும் "அதான் தாலி மகிமை" என்பார்கள். மகிமையும் இல்லை, மண்ணும் இல்லை. பயம்.

நீ அவன்மேல் பாயவில்லை. கல்லைத் தேடவில்லை. என்னைப் பிடித்து இழுக்கவும் இல்லை, இழுத்திருந்தால் கத்தி பட்டிருக்கும். இரண்டு கையையும் தூக்கி உன் சங்கிலியைத் தலைவழியே கழற்றினாய். "டேய்! அது கவரிங்குடா! இங்க பாரு, இதான் தங்கம்!" என்று வண்டி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாய். அது மினுக்கென்றது. அவன் திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அவனுக்கு அந்தப் பக்கம், கடலைக் கொல்லைக்குள் வீசி எறிந்தாய்.

அவன் என்னை விட்டுவிட்டான். கொல்லைப் பக்கம் ஓடினான். வண்டியில் இருந்தவன் "எங்கடா வுழுந்துச்சு?" என்று வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பினான். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஓடினாய்.

"ஊரு அந்தப் பக்கம்டி!"

"ஊரு இருட்டுடி. வெளிச்சத்துக்கு வா!"

அந்த ஓட்டம் எனக்கு இப்போதும் கனவில் வரும். பைபாஸ் ஓரத்து டீக்கடை வரை நீ என் கையை விடவில்லை. திருடன் என்று கத்துவதைவிடத் தீ என்று கத்தினால் ஆள் வரும் என்று எங்கேயோ கேட்டு வைத்திருந்தாய் போலிருக்கிறது. "தீ! தீ!" என்று கத்திக்கொண்டே ஓடினாய். கடைக்கார பாய் வாளித் தண்ணீரோடு எதிரே ஓடி வந்தார். "எங்கம்மா தீ? இன்னாம்மா ஆச்சு?" என்று அவர் முழித்த முழியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அவர்தான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு டார்ச்சோடு போனார். அதற்குள் அவர்களும் இல்லை, சங்கிலியும் இல்லை.

என்னுடையதும் தங்கம்தான். மெல்லிசு, ஆனால் தங்கம். உனக்கும் அது தெரியும். ஒரு நொடியில் எப்படி உனக்கு அந்தப் பொய் வாயில் வந்தது என்று அப்புறம் கேட்டேன். "வாயா வந்துது, கை கழட்டினதுதான் எனக்கே ஆச்சரியம்" என்றாய்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உன் கழுத்தைப் பார்த்தேன். வெறும் கழுத்து. முந்தானையை இழுத்துப் போர்த்திவிட்டேன். "வூட்ல பறிச்சிட்டான்னு சொல்லிடுடி. நான் சாட்சி சொல்றேன்" என்றேன்.

நீ டீயை ஊதி ஊதிக் குடித்தாய். "பறிச்சிருந்தா கழுத்துல கோடு இருக்கணுமே. உனக்கு ரத்தமே கட்டியிருக்குது. எனக்கு எங்க?"

"இருட்டுல யாரு பாக்கப் போறாங்க?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆலங்காயத்துக்காரிய கொன்னது அந்த வண்டிக்காரன் மட்டும் இல்லடி" என்றாய். "அதுக்கு முந்தி எத்தன பேரு கழட்டிக் குடுத்துட்டு உயிரோட வந்திருப்பாளுங்க. ஒருத்தி வாயத் தொறந்து கழட்டினேன்னு சொன்னாளா? எல்லாரும் பறிச்சிட்டான், பறிச்சிட்டான்னே சொல்லிட்டிருந்தா, அடுத்தவ எப்பிடி வுடுவா?"

பாய் கடைப் பையன்கள் துணைக்கு வர, ஊருக்கு நடந்தோம்.

உன் மாமியார் வாசலிலேயே இருந்தார். சேதி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. "எங்கடி தாலி?" என்றார் முதல் வார்த்தையாக.

"இவ கழுத்துல கத்தி வெச்சிருந்தான் அத்தை. கழட்டி வீசிட்டேன்."

"அவனா கழட்டினான்?"

"நான்தான்."

"உன் கையாலயா?"

"என் கையாலதான்."

அவர் அப்படியே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். சாவு வீட்டில் அழுவதைப் போல. "என் புள்ள குத்துக்கல்லாட்டம் நிக்கும்போதே தாலிய எறிஞ்சிட்டு வந்திருக்கிறாளே" என்று தெருவே கூடும்படி அழுதார். நான் குறுக்கே புகுந்து, "பெரிம்மா, அவ இல்லன்னா நான் செத்திருப்பேன்" என்றேன். அவர் காதில் அது ஏறவில்லை. உன் வீட்டுக்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோல் கம்பெனி வேலை முடித்து வந்து இன்னும் குளிக்காமல் இருந்தார். உன்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டினார். கட்டும்போதும் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தாராம். "திட்டியிருந்தாகூட பரவால்லடி" என்று கம்பெனி வண்டியில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாய். நீ சாய்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஒரே வார்த்த. நல்ல வேல பண்ணேன்னு அவரு ஒரு வார்த்த சொல்லட்டும். அப்புறம் ஊரு இன்னா சொன்னா எனக்கின்னா?"

"நான் போய்க் கேக்கட்டுமா?"

"வாய மூடு. கேட்டு வாங்குறதுக்கு அது இன்னா கடனா?"

அந்த ஒரு வார்த்தைக்காக நீ எத்தனை வருஷம் காத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாய். ஊர் பேசியது உன்னைப் பெரிதாகத் தொடவில்லை, தொட்டாலும் சிரித்துத் துடைத்துவிடுவாய். நலங்குக்குக் கூப்பிட மாட்டார்கள். வளைகாப்புக்குக் கூப்பிட்டால் சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடுவார்கள், சந்தனம் பூச உன் முறை வரும்போது தட்டு உன்னைத் தாண்டிப் போகும். என் மகளுக்கு மஞ்சள் நீராட்டின்போது முதல் ஆளாக உன்னை மஞ்சள் பூசச் சொன்னேன். என் நாத்தனார் இருவர் சாப்பிடாமலே எழுந்து போனார்கள். "நல்ல நாள்ல இப்பிடி பேஜார் பண்ணிட்டியேடி" என்று என் காதில் கடித்தாய். ஆனால் அன்றைக்கு என் மகள் கன்னத்தில் நீ மஞ்சளை அப்பின அப்பில் அவள் இரண்டு நாள் மஞ்சளாகவே திரிந்தாள்.

உன் வீட்டுக்காரர் மொபெட்டிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது ஊருக்குக் கேட்க வேண்டுமா? அன்று தாலியை எறிந்ததன் பலன் இன்று வந்தது என்றார்கள். நீ என்னிடம், "அவரு குடிச்சிட்டு வுழுந்தாரு, என் சங்கிலி இன்னா பண்ணும்? பாட்டில வுட்டுட்டு என் கழுத்தப் பாக்குறாங்க" என்று சிரித்தாய். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்ததும், கட்டுப் பிரிக்கும் வரை கழுவித் துடைத்ததும் நீதான். அப்போதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். நீயும் எதிர்பார்த்தாய். நீ அதைச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது.

மஞ்சள் காமாலை என்று உன்னை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தேன். முகம், கண், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். "பாருடி, இனிமே எனக்கு யாரும் மஞ்சள் பூச வேணாம், தானா வந்துடுச்சு" என்றாய். நான் அழுதுகொண்டே உன்னைத் திட்டினேன். உன் வீட்டுக்காரர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வருவார், கஞ்சி டம்ளரை வைப்பார், போய்விடுவார். அடுத்த ஞாயிறு நான் வர வேண்டியிருக்கவில்லை.

உன்னைத் தூக்குவதற்கு முன் பட்டுப் புடவை சுற்றி, தலை நிறையப் பூ வைத்து, நெற்றியில் இத்தனை பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். "பூவும் பொட்டுமா போறா, குடுத்து வெச்சவ" என்று அழுதார்கள். சந்தனத் தட்டை உன்னைத் தாண்டிக் கொண்டுபோன அதே பெண்கள். கடைசியில் உன் மாமியார் குனிந்து உன் தாலியைக் கழற்றினார், சடங்கு. எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கு உன் உயிருக்காகவும் என் உயிருக்காகவும் நீ கழற்றினால் மகா பாவம், செத்த பிறகு அவர் கழற்றினால் முறையா? அங்கேயே கேட்டிருப்பேன். நீ இருந்திருந்தால் என் கையைக் கிள்ளி வெளியே இழுத்துக்கொண்டு போயிருப்பாய். கிள்ள ஆள் இல்லாததால் நானே வெளியே போய் நின்றுகொண்டேன்.

முந்தாநாள் வகுப்புக்கு வருகிறேன். அந்த வேலூர்ப் பெண் நல்லபடியாகத்தான் சொன்னாள். பொருளைக் கேட்டால் பொருளைக் கொடுத்துவிடு, தூரமாக வீசிவிட்டு எதிர்ப்பக்கம் ஓடு, இருட்டுக்குள் ஓடாதே, ஆட்கள் இருக்கிற பக்கம் ஓடு, கத்து. உன்னையே இழுத்துக்கொண்டுபோகப் பார்த்தால் மட்டும் கடித்தாவது பிறாண்டியாவது சண்டை போடு. நீ அன்றைக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்ததெல்லாம் வரிசையாக வந்தது.

போன மாதம் கல்யாணமாகி வந்து சேர்ந்த ஒரு பெண் இருக்கிறாள் நம் லைனில், உன் மேசையில்தான் பேஸ்டிங் பார்க்கிறாள். அவள் கையைத் தூக்கினாள். "மேடம், செயின் குடுக்கலாம். தாலின்னா?"

வேலூர்ப் பெண் விழித்தாள். "உயிர்தான முக்கியம்" என்றாள். சொன்னதில் பலம் இல்லை. கேன்டீன் முழுக்க முணுமுணுப்பு.

நான் முன்னால் வந்து பேசினேன். கூட்டத்தில் வாய் திறக்காத நான். கொல்லை, வண்டி, கத்தி, உன் கை, நீ சொன்ன பொய், டீக்கடை எல்லாம் சொன்னேன். பின்கழுத்தில் இருக்கிற தழும்பைத் திரும்பி நின்று காட்டினேன். நீ கழற்றினாய் என்றுதான் சொன்னேன், பறித்தான் என்று சொல்லவில்லை. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெண் மறுபடி கேட்டாள். "அப்புறம் அந்த அக்காவ வூட்ல இன்னா சொன்னாங்க?"

அதையும் சொன்னேன். மாமியார் அழுததை, சந்தனத் தட்டை, உன் வீட்டுக்காரர் ஒரு வார்த்தையும் சொல்லாததை. அவள் தன் கழுத்துப் புது மஞ்சள் கயிற்றைத் தொட்டுக்கொண்டு, "அப்ப யாருக்கா கழட்டுவாங்க?" என்றாள். நீ இத்தனையும் பட்டு உண்மையைச் சொன்னதன் பலன் இதுதானா என்று எனக்கு நெஞ்சு ஆறவில்லை. இந்தப் பெண் நாளைக்கு விடமாட்டாள். என்னைப் போல விரல் பிரியாமல் நிற்பாள்.

அன்று சாயங்காலம் தனியாக நடந்தேன். மதில் தாண்டியதும் பின்னால் ஒரு வண்டி வேகம் குறைப்பது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. கை மேலே போனது, சங்கிலி தலைவழியே வந்தது, உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் வீசுவது, எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரு மூச்சில். உன்னிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"நான்தாம்மா" என்று குரல் வந்தது. உன் வீட்டுக்காரர். "தனியா போறியே, ஏறிக்கோன்னு சொல்லலாம்னு..." என்றவர் என் கையைப் பார்த்து நிறுத்திவிட்டார். தாலி விரலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். இன்னும் கொஞ்சம் நொண்டுகிறார். "அவ இப்பிடித்தான் கழட்டினாளா?"

"இப்பிடித்தாண்ணா. மேல தூக்கிக் காட்டிட்டு, அந்தக் கொல்லப் பக்கமா வீசினா."

அவர் கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் சொல்லாமல் நிற்பதில்தான் அவரை யாரும் மிஞ்ச முடியாதே. எனக்குக் காலையிலிருந்து அடக்கியதெல்லாம் பொத்துக்கொண்டது. நீ கேட்கக் கூடாது என்றாய், கேட்டுவிட்டேன், திட்டாதே. "உங்க கிட்டேருந்து ஒரு வார்த்தைக்கு அவ கடைசி வரைக்கும் காத்திருந்தாண்ணா. அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா!"

"தெரியும். அன்னிக்கு அம்மா முன்னாடி வாய் வரல. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன், நாளாய்டுச்சு. நாளானப்புறம் வெக்கமாய்டுச்சு. ஆஸ்பத்திரில கஞ்சி குடுக்கும்போது தெனமும் நெனப்பேன்." மூக்கை உறிஞ்சினார். "நல்ல வேல பண்ணா. ரொம்ப நல்ல வேல பண்ணா."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அந்த இருட்டைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. "என்கிட்ட சொல்லி இன்னாண்ணா பிரயோஜனம்?" என்றேன். அவர் தலையாட்டினார். நான் வண்டியில் ஏறவில்லை. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊர் எல்லை வரை கூடவே நடந்தார்.

நேற்றுக் காலை வண்டியில் அந்தப் புதுப் பெண் என் பக்கத்து சீட்டுக்காரியை எழுந்துபோகச் சொல்லிவிட்டு என்னருகே வந்து உட்கார்ந்தாள். இரவெல்லாம் யோசித்திருப்பாள் போல. "அந்த அக்கா வூட்டுக்காரரு நெஜமாவே ஒண்ணுமே சொல்லலியாக்கா?"

"சொன்னாரு" என்றேன். "நல்ல வேல பண்ணான்னு சொன்னாரு. நேத்து எனக்குச் சொல்ல வுட்டுப்போச்சு."

அவள் முகம் தெளிந்தது. "எப்பக்கா சொன்னாரு?"

நீ டீக்கடையில் எனக்குச் சொன்னது அப்படியே ஞாபகம் வந்தது. பொய் சொன்னால் அடுத்தவள் தாலியை விடமாட்டாள் என்றாய். இவளோ, உண்மையைச் சொன்னால் விடமாட்டாள். புதுக் கயிறு, மஞ்சள் நிறம்கூட இன்னும் வெளுக்கவில்லை.

"அன்னிக்கே சொல்லிட்டாரு. வூட்டுக்குப் போனதுமே" என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவள் மேசை மேசையாகச் சொல்லிவிட்டாள். லைன் முழுக்கப் பரவிவிட்டது. தோல் வெட்டும் பிரிவில் இருப்பவர்கள்கூட வந்து, அப்படி ஒரு புருஷனா என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அப்படித்தான் என்றேன். அவர் சொன்னது இப்போது எல்லோருக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது.